பந்தியில் விடுபட்டவர் யார்? இடர்க் காலத்தில் சபை செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பொத்தேரியில் வாடகைக்காரர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். ரயிலை விட்டு இறங்கினால் பல்கலைக்கழகம், அதன் மருத்துவமனை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி விடுதிகள், பி.ஜி.க்கள், அடுக்குமாடிகள். ஆந்திராவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்த மாணவர்கள் நான்கு வருடத்தில் அறையைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். மறைமலைநகர், மகிந்திரா சிட்டி ஆலைகளுக்கு ஷிப்டு போகும் ஒப்பந்தத் தொழிலாளிகள் அதற்கும் முன்பே போய்விடுவார்கள். இப்படி ஓர் ஊரில், ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயர் தெரியாமலே வருடக்கணக்கில் சபைக்குப் போய் வரலாம். நல்ல காலத்தில் அது உறைக்காது. வெள்ளமோ ஊரடங்கோ ஆலை மூடலோ வந்தால்தான் உறைக்கும்.

எருசலேமின் முதல் சபைக்கே இந்தச் சிக்கல் வந்தது. அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. யாரும் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டியதில்லை. நம் மொழி பேசாதவரை மறந்துபோவது எளிது. அப்போஸ்தலர் இதைக் கேட்டுவிட்டு, அன்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் பண்ணி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பந்தி வேலையை அவர்கள் பொறுப்பில் விட்டார்கள். கஷ்ட காலத்தில் அன்பு ஓர் ஏற்பாடாக மாற வேண்டும்; அந்த ஏற்பாட்டில் யார் விடுபட்டார் என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்பியமோ, வீட்டு ஜெபக் குழுவோ, கல்லூரி மாணவர் ஐக்கியமோ, எதில் இருந்தாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. மழைக்கு முன்பே பட்டியல் எழுதுங்கள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழை ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற அடையாற்றங்கரைப் பகுதிகளில் தரைத்தளம் மூழ்கியது. மின்சாரம் போனது, செல்பேசி போனது. சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட ஆளிருந்தார்கள். எந்தத் தெருவில் எந்த மாடியில் யார் மாட்டியிருக்கிறார் என்ற விவரம்தான் பல இடங்களில் இல்லை.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். பெயர், தெரு, எந்தத் தளம், பேசும் மொழி, ஊரில் உள்ள உறவினரின் எண், அன்றாட மருந்து, டயாலிசிஸ் நாள், பிரசவத் தேதி, கைக்குழந்தை உண்டா, தனியாக இருப்பவரா: இவ்வளவும் ஒரே வரியில் வர வேண்டும். தாளில் இருக்கட்டும், சார்ஜ் இறங்கிய செல்பேசிக்குள் இருக்கும் பட்டியல் வெள்ளத்தில் உதவாது. நோட்டை மாடி வீட்டுக்காரர் ஒருவரும் பொறுப்பாளர் ஒருவரும் ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்ளட்டும். நோய் விவரம் அடங்கிய நோட்டு கைக்குக் கை மாறக் கூடாது.

2. விடுபட்டவர் கையிலேயே பொறுப்பைக் கொடுங்கள்

ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். நிவாரணக் குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் தமிழ்ச் சபையின் மூப்பர்களாக இருக்க வேண்டாம். தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தி, ஒடிசாவிலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கட்டும். எந்தத் தகரக் கொட்டகையில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பது அந்தத் தம்பிக்குத் தெரியும், மூப்பருக்குத் தெரியாது.

3. இருவராகப் போங்கள், திரும்பவும் போங்கள்

நம் கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையை 1833-ல் பாரிசில் தொடங்கியவர்கள் ஃபிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும். அப்போது ஓசானாமுக்கு இருபது வயது, கல்லூரி மாணவர். ஏழை வீட்டைப் பார்க்க இருவராகப் போவது அந்தச் சபையின் வழக்கம். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம். அடுப்பு எரிகிறதா, மருந்துச் சீட்டு வாங்காமல் கிடக்கிறதா என்பது அப்போதுதான் கண்ணில் படும். பெண்களும் பிள்ளைகளும் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒற்றை ஆளாகப் போகாமலிருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098-க்கு அழையுங்கள். சபைக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல அது.

முதல் முறை போவது எல்லோராலும் ஆகும். நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் போய்ப் பாருங்கள். நனைந்த மெத்தை, வேலை செய்யாத கிரைண்டர், பூசணம் பிடித்த சான்றிதழ் எல்லாம் அன்றைக்கும் அப்படியே கிடக்கும்; பொட்டலம் கொடுத்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

4. பிடியரிசியை மறுபடி தொடங்குங்கள்

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது நம் பாட்டிமார் அறிந்த வழக்கம். மிசோரம் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் இதையே 1910-ல் தொடங்கி இன்றுவரை விடாமல் செய்கிறார்கள். அந்தப் பிடியரிசிதான் அங்கே மிஷன் பணிகளுக்குப் பெரிய வருமானம். பொத்தேரி விடுதியில் இருக்கும் மிசோ மாணவியைக் கேட்டுப் பாருங்கள், அம்மா எப்படி எடுத்து வைப்பார் என்று சொல்வாள். அறையில் சமைக்காத மாணவர்கள் வாரத்தில் ஒரு பிரியாணி விலையை எடுத்து வைக்கலாம். விபத்து நேர்ந்த பிறகு வசூலுக்கு ஓடுவதைவிட, கையிருப்பில் மூன்று மாத அரிசி இருப்பது மேல். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி மூடிய பை வையுங்கள். கொடுக்க முடியாதவர் தலைகுனியாமல் அந்தப் பையை அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம்.

5. தொடுங்கள்

பொத்தேரியிலிருந்து தெற்கே ஐந்தாவது நிலையம் செங்கல்பட்டு. அதன் பக்கத்தில் திருமணியில் இருக்கிறது மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிலையம். 1955-ல் அரசு எடுத்துக்கொள்வதற்கு முன் அது லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த தொழுநோய் இல்லம். 1930களிலும் 40களிலும் மிஷன் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றினார். 1940களின் கடைசியில் வேலூரிலிருந்து அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்த இடத்தைப் பார்க்க வந்தார். விரல்கள் உள்மடங்கிப் போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவு பலம். அந்தக் கையில் இன்னும் நல்ல தசைகள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு விரல்களை மீட்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. வேலூரில் அது சிகிச்சையாக வளர்ந்தது. கைகொடுக்கத் தயங்கியிருந்தால் அது தெரிந்திருக்காது.

நோய் பற்றிய பயம் ஊரைப் பிடிக்கும்போது முதலில் நின்றுபோவது தொடுதல். கொரோனாவில் பார்த்தோம், குணமாகி வந்தவரையும் வாசலில் நிறுத்திப் பேசினார்கள். மருத்துவர் பயமில்லை என்று சொன்ன நாள் முதல் குணமானவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். தனியாக இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. மனு எழுதிக் கொடுங்கள்

அரிசிப் பை ஒரு வாரம் வரும். ரேஷன் அட்டை வருடக்கணக்கில் வரும். 1890களில் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார், நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குத் தரிசு நிலம் கேட்டு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். கலெக்டர் ட்ரெமன்ஹீர் அதே காலத்தில் அம்மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுத, 1892-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. கஞ்சி ஊற்றியதோடு பாதிரியார் திரும்பியிருக்கலாம், காகிதத்தைக் கையிலெடுத்தார்.

நம் சபையில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை இருளர் குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம். வெளிமாநிலத் தொழிலாளிக்கு, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் நம்மூர்க் கடையிலேயே அரிசி வாங்கலாம் என்று சொல்லி, கடைவரை கூட்டிப்போகலாம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. 2022-ல் உற்பத்தி நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில், வேலையிழந்தவர் பி.எஃப். பணத்தை எப்படி எடுப்பது, பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது என்பதற்கு உதவுவதும் ஊழியம்தான்.

7. கணக்கை எழுதி ஒட்டுங்கள்

எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்த பவுல், அந்தப் பணத்தைத் தான் மட்டும் கொண்டுபோகவில்லை. யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று, சபைகள் நியமித்த ஆட்களையும் கூட அனுப்ப ஏற்பாடு செய்தார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. வரவு, செலவு, மீதி மூன்றையும் அறிவிப்புப் பலகையில் மாதம் ஒருமுறை ஒட்டுங்கள். வாங்கியவரின் பெயர் வேண்டாம். ‘மருத்துவ உதவி, இரண்டு குடும்பம்’ என்று போட்டால் போதும். தனிநபரின் ஜி-பே எண்ணில் வசூலிக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

8. மனம் உடைந்தவரைத் தனியே விடாதீர்கள்

“அரியர் விழுந்துடுச்சுண்ணா, வீட்ல சொல்ல முடியல” என்று ஒரு பையன் இரவு பதினொரு மணிக்குப் பேசினால், அது பரீட்சைப் பேச்சு மட்டும்தானா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்பது மனநல மருத்துவர்கள் சொல்வது. தோன்றுகிறது என்றால் அன்றிரவு கூடவே இருங்கள். டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டுமே இரவு பகல் பார்க்காமல் எடுக்கப்படும் எண்கள். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

9. அக்கம்பக்கத்து மதத்தாரோடு சேர்ந்து செய்யுங்கள்

கோவளத்தில் கார்மேல் மாதா ஆலயமும் தர்காவும் கைலாசநாதர் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன; கடல் மூன்றையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். 2015 வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். யாரும் பெயர் கேட்டுப் படகில் ஏற்றவில்லை. பள்ளிவாசலில் சமையல் பாத்திரம் பெரிதாக இருந்தால் சமையல் அங்கே நடக்கட்டும். கோயில் மண்டபம் மேட்டில் இருந்தால் தங்கல் அங்கே. நம் கொடி எங்கே என்று தேட வேண்டாம்.

செய்யக்கூடாதவை

1. உதவிக்கு விலை வைக்காதீர்கள்

பத்துத் தொழுநோயாளிகள் குணமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்தான். அவனும் சமாரியன். வராத ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. ஆராதனைக்கு வந்தால்தான் அரிசி என்பதும், பொட்டலத்துக்குள் துண்டுப் பிரதி வைத்துக் கொடுப்பதும் பசித்தவரின் கழுத்தில் கத்தி வைப்பதற்குச் சமம். ஏன் செய்கிறீர்கள் என்று அவரே கேட்டால் பதில் சொல்லுங்கள். அதுவரை உங்கள் சாட்சி உங்கள் கையில் இருக்கும் பாத்திரம்தான்.

2. வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள்

ஐந்து கிலோ அரிசியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு பாட்டியை நிறுத்தி எடுத்த படங்கள் கொரோனா காலத்தில் வாட்சப்பை நிறைத்தன. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று கற்றவர்கள் ஊருக்கே தெரிவித்தார்கள். நன்கொடையாளருக்குச் சான்று வேண்டுமென்றால் மூட்டைகளைப் படம் எடுங்கள், கடை ரசீதை இணையுங்கள்.

3. துன்பத்துக்குக் காரணம் கற்பிக்காதீர்கள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் கரையெங்கும் ஆழிப்பேரலை ஏறியது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளையும் கொண்டுபோனது. பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லிவிட்டார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. இழவு வீட்டில் “ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதான்…” என்று ஆரம்பிக்க நாக்குத் துடித்தால், எழுந்துபோய் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

4. துணிச்சலை விசுவாசம் என்று சொல்லாதீர்கள்

1527-ல் விட்டன்பர்க்கில் பிளேக் பரவியபோது மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டு ஓடவில்லை. நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அதே லூத்தர், வீட்டுக்குப் புகை போடுவது, மருந்து சாப்பிடுவது, தான் தேவைப்படாத இடத்துக்குப் போகாமலிருப்பது எல்லாம் கடமை என்று அப்போது எழுதிய கடிதத்தில் சொன்னார். தன்னால் இன்னொருவர் சாகக் கூடாது என்பது அவர் கவலை. இரண்டும் சேர்ந்ததுதான் விசுவாசம். பேரிடர் எச்சரிக்கை வந்த இரவில் முழுஇரவு ஜெபத்துக்கு ஆட்களைத் திரட்டாதீர்கள். வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம்.

5. ஜெபக் குறிப்பை வதந்தி ஆக்காதீர்கள்

“ஜெபத்துக்காகத்தான் சொல்றேன் சிஸ்டர், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க.” இந்த வாக்கியத்துக்குப் பிறகு வருவதைச் சபையே மறுவாரம் அறிந்திருக்கும். ஒருவரின் கடன், குடி, மணமுறிவு, நோய் எதையும் அவர் அனுமதி இல்லாமல் குழுவில் போடாதீர்கள். பெயர் சொல்லாமல் ‘ஒரு சகோதரியின் குடும்பத்துக்காக’ என்றால் கடவுளுக்குப் புரியும். ஒருமுறை வெளியே போன இரகசியத்தால், அடுத்தமுறை உயிர் போகிற கஷ்டத்திலும் அவர் வாய்திறக்கமாட்டார்.

6. வேண்டாத துணியை அனுப்பாதீர்கள்

ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழந்துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்தன. நேற்றுவரை கடலில் உழைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தவர் கிழிந்த சட்டையை நீட்டியது வலித்தது. என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் உள்ளாடை, நாப்கின், கொசுவத்தி, பாய், செருப்பு, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் என்றுதான் பதில் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிடத் தயங்கும் துணியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

7. ஊரென்றும் காலனியென்றும் பிரிக்காதீர்கள்

அதே 2004-ல் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க விடாததும் பதிவாகியிருக்கின்றன. சபைக்குள்ளும் இது இல்லையென்று சொல்ல முடியாது. தனிக் கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டுவிட, உழைத்துவிட்டுப் பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். அப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கடிந்தார். வண்டி முதலில் காலனிக்கும் ஏரிக்கரைக்கும் போகட்டும். சமையல் கட்டிலும் பரிமாறும் இடத்திலும் எல்லாத் தெருக்காரர்களும் நிற்கட்டும்.

8. ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்

காலைமுதல் மாலைவரை நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்ற கருத்தில் எச்சரித்தார். பாஸ்டர், ஃபாதர் அல்லது ஓடியாடும் அந்த ஒரே இளைஞன் வெள்ளத்தின் மூன்றாம் நாளில் படுத்துவிட்டால், ஊழியமும் படுத்துவிடும். முறை போட்டு வேலை பிரியுங்கள். ஓய்வு முறை வந்தவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டைத் திறந்து பெயர்களை உரக்க வாசியுங்கள். வாசித்து முடித்ததும், இதில் இல்லாத யாரையாவது தெரியுமா என்று கூட்டத்தைக் கேளுங்கள். யாராவது ஒருவர் கை தூக்கினால், அவரும் இன்னொருவரும் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வரட்டும்.